தல்லாகுளத்தில் பத்துச் சனிக்கிழமைகள்: ஒரு ஜெர்மன் சினிமா வகுப்பு

மதுரை தல்லாகுளத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஜெர்மன் மொழி கற்பிக்கும் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. சென்ற கோடையில் அவர்கள் ஜெர்மன் சினிமாவையும் அது காட்டும் சமூகத்தையும் பற்றிப் பத்து வார வகுப்பு ஒன்றை நடத்தினார்கள். சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கும். முதலில் முக்கால் மணி நேர அறிமுகம், பிறகு படம் முழுவதும், அதன்பின் விவாதம் என்று இரவு 8 மணியைத் தாண்டிவிடும். கட்டணம் 4,500 ரூபாய். அங்கேயே மொழி படிப்பவர்களுக்கு அதில் பாதி. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

நாங்கள் இருபத்திரண்டு பேர். பாதிக்கு மேல் நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மன் மருத்துவமனைகளில் வேலைக்குப் போவதற்காக பி1, பி2 ஜெர்மன் மொழித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்கள். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். மீதிப் பேர் என்னைப் போலத் திரைப்படச் சங்கத் திரையிடல்களில் காலம் கழித்துத் தலை நரைத்தவர்கள். நாங்கள் நிழலையும் கேமராக் கோணத்தையும் பார்க்கப் போயிருந்தோம். தாங்கள் போய் வாழப்போகும் ஊரின் மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ள அவர்கள் வந்திருந்தார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே அறையில் உட்கார்ந்ததுதான் வகுப்பின் ஆகப் பெரிய பலம். நடத்தியவர்கள் அதை யோசித்துச் செய்தார்களா, அல்லது இருக்கைகளை நிரப்புவதற்காகச் செய்ததா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாடம் எடுத்தவர் ஜெர்மனியில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். தமிழிலேயே பேசினார், கலைச்சொல் வந்தால் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அதைச் சாதாரணத் தமிழில் சொல்லிவிடுவார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் நிறுத்தி விளக்கம் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. இது சிறிய விஷயம் போலத் தெரியலாம். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை உறைய வைக்கும் ஆசிரியர்களிடம் அவதிப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதல் வாரப் படம் 1920-இல் வந்த 'டாக்டர் கலிகாரி'. அன்றைய வகுப்புதான் பத்திலும் பலவீனமானது என்பேன். ராபர்ட் வீனெ இயக்கிய அந்த ஊமைப்படத்தில் தெருக்களும் கூரைகளும் ஜன்னல்களும் கோணல்மாணலாகத் துணியில் வரையப்பட்டிருக்கும். நிழலைக்கூட விளக்கால் உண்டாக்காமல் தரையிலும் சுவரிலும் தூரிகையால் தீட்டியிருப்பார்கள். ஆசிரியர் இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டு, விமர்சகர் சீக்ஃப்ரீட் கிராக்கவர் 1947-இல் எழுதிய நூலின் வாதத்துக்குத் தாவிவிட்டார். ஒருவனை மயக்கத்தில் ஆழ்த்திக் கொலை செய்யவைக்கும் கலிகாரியில் பின்னால் வரப்போகும் ஹிட்லரின் சாயல் இருக்கிறது என்பதும், கதாசிரியர்கள் அதிகாரத்துக்கு எதிராக எழுதிய கதையை மனநோயாளி ஒருவன் சொல்வதாக மாற்றி அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதும் அந்த வாதத்தின் சாரம். புகழ்பெற்ற வாதம்தான். ஆனால் பின்னாளில் கிடைத்த மூலத் திரைக்கதையிலும், கதையை ஒருவர் சொல்வதாக வேறொரு வெளிச்சட்டகம் இருந்தது தெரியவந்து, அந்த வாதத்தின் ஒரு கால் ஆட்டம் கண்டுவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. பதின்மூன்று வருடம் கழித்து நடக்கப்போவதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காட்சியையும் பார்க்கப் பழக்கினால், படத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அன்றைக்கு வகுப்பைக் காப்பாற்றியது ஆசிரியர் அல்ல, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழு தொடங்கியதை அவர் நினைவுபடுத்தினார். கலிகாரி பெர்லினில் ஓடிய காலத்தில் இங்கே பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் தெருவும் அரண்மனையும் காடும் வரைந்த படுதாக்கள்தாமே, அப்படியிருக்க வரைந்த தெருவைப் பார்த்து நம் ஊர்க்காரன் எதற்காக அதிர்ச்சி அடையப் போகிறான் என்று கேட்டார். நல்ல கேள்வி. நம் படுதாக்காரர் தெருவை நேராகவும் ஆழமாகவும் காட்டி நிஜம் போலத் தோன்றவைக்கப் பாடுபட்டார். கலிகாரிக்குக் காட்சி வரைந்த பெர்லின் ஓவியர்கள் மூவரும் பொய்யென்று தெரியும்படியே அதைக் கோணலாக்கினார்கள். போரில் தோற்ற ஒரு நாட்டில், கண்ணால் காண்பதை நம்பலாமா என்ற சந்தேகம் சுவரின் கோணத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. சமூகம் படத்துக்குள் வருவது இப்படித்தான் என்று அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியிருக்கலாம்.

மூன்றாவது வாரம் முர்னாவின் 'கடைசி மனிதன்'. 1924-இல் வந்த இந்தப் படத்திலிருந்துதான் வகுப்புக்குச் சூடு பிடித்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலில், சரிகைப் பட்டை வைத்த நீண்ட கோட்டுடன் நிற்கும் வயதான வாயிற்காவலர். எமில் யானிங்ஸ் நடித்தது. கனமான பெட்டியைத் தூக்கத் தடுமாறினார் என்பதற்காக அவரைக் கழிவறைப் பணிக்கு மாற்றிவிடுகிறார்கள். சம்பளத்தைவிட அந்தக் கோட்டுப் போனதுதான் அவருக்கு இடி. ஏனென்றால் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் அவரைத் தளபதியைப் போல மதிப்பது கோட்டுக்காகத்தான். வீட்டுக் கல்யாணம் வருகிறது. இரவில் கோட்டைத் திருடி மாட்டிக்கொண்டு போகிறார். மறுநாள் அதை ரயில் நிலையத்தில் பொருள் வைக்கும் இடத்தில் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போவதும், மாலையில் எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதுமாக நாடகம் ஆடுகிறார். விஷயம் வெளியே தெரிந்ததும் மாடிப்படியெங்கும் சிரிப்பு.

படத்தில் வசனம் எழுதிய அட்டைகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இருந்தும் எங்கள் வகுப்பில் கதை புரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கார்ல் ஃப்ராய்ண்டின் கேமரா லிஃப்டில் இறங்கிச் சுழல்கதவு வழியாக எட்டிப் பார்க்கிறது. குடிபோதைக் காட்சிக்காக அதைத் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு தள்ளாடியிருக்கிறார் மனிதர். ஆசிரியர் இந்தத் தொழில்நுட்பத்தை அழகாக விளக்கினார் என்றாலும், அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிந்தது அடுத்து கேட்ட கேள்வியில்தான்: "நீங்க கடைசியா யாரோட சட்டையப் பாத்து எந்திரிச்சு நின்னீங்க?" சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் காக்கியைச் சொன்னார். ஒருவர் வெள்ளைக் கோட்டைச் சொன்னார். பெரிய ஜவுளிக்கடை வாசலில் தொப்பியும் தோள்பட்டையும் வைத்துச் சல்யூட் அடிக்கும் காவலாளிகளைப் பற்றி ஒரு பெண் சொன்னாள்: அவள் தாய்மாமாவுக்கு அந்த வேலைதான், ஊரில் நடக்கும் விசேஷங்களுக்கு அதே பேண்ட்டைத்தான் போட்டுக்கொண்டு வருவாராம், சட்டையை மட்டும் மாற்றிக்கொள்வாராம். மன்னரும் போய்ப் படையும் சுருங்கிப்போன வைமர் குடியரசில், அதாவது 1918 தோல்விக்கும் ஹிட்லருக்கும் இடைப்பட்ட ஜெர்மனியில், சீருடை மீது மிச்சமிருந்த மயக்கத்தை இதைவிடச் சுருக்கமாக ஒரு புத்தகத்தில் நான் படித்ததில்லை.

அந்தப் படத்தின் முடிவைப் பற்றியும் நெடுநேரம் பேசினோம். நியாயப்படி கிழவர் அந்தக் கழிவறையிலேயே ஒடுங்கிச் சாக வேண்டியவர். ஆனால் கதாசிரியருக்கு அவர் மேல் இரக்கம் பிறந்துவிட்டது என்று ஓர் அட்டையைக் காட்டிவிட்டு, எங்கிருந்தோ வந்த சொத்தால் அவரைப் பணக்காரராக்கிவிடுகிறார்கள். "இது நம்ம கிளைமாக்ஸ் சார்" என்று ஒருவர் சொல்ல, அறையே சிரித்தது. வேறுபாடு என்னவென்றால், நம்மவர்கள் இதை மனதார நம்பிச் செய்வார்கள். முர்னாவின் படமோ, இது பொய் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டுச் செய்கிறது.

ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) படத்துக்கு ஒதுக்கிய மாலையும் குறை சொல்ல முடியாதது. குழந்தை வீடு திரும்பவில்லை என்பதை லாங் காலியான மாடிப்படியாலும், மேசையில் யாரும் தொடாத தட்டாலும், தந்திக் கம்பியில் சிக்கிய பலூனாலும் சொல்லிவிடுகிறார். தாயின் குரல் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கொலைகாரனைப் பிடிக்கப் போலீசும் திருடர் கூட்டமும் தனித்தனியே கூட்டம் போடுவதையும், ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிப்பது போல லாங் வெட்டி ஒட்டியிருப்பதையும் பற்றி விவாதம் நடந்தது. லாங், பீட்டர் லோரி முதலானோர் 1933-க்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி ஹாலிவுட் போனதையும், அந்த இருட்டும் வெளிச்சமும் அமெரிக்கக் குற்றப்படங்களுக்குள் நுழைந்ததையும் ஆசிரியர் சொன்னார். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாட்டே இல்லாமல், ஜன்னல் கம்பி நிழல்களோடு நம் ஊருக்கு வந்ததை நாங்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு அவர் ஐந்து நிமிடமாவது ஒதுக்கியிருக்கலாம்.

நாஜிக் காலத்துக்கான வாரத்தில் முழுப்படம் எதையும் காட்டாமல் துண்டுகளை மட்டும் காட்டினார். அது சரியான முடிவு. அக்காலப் பிரசாரப் படங்களில் சிலவற்றை ஜெர்மனியிலேயே இன்றும் அறிமுக உரையும் விவாதமும் இல்லாமல் பொதுவில் திரையிட முடியாது. எனக்குப் புதிதாகத் தெரியவந்தது வேறு ஒன்று: அந்தப் பன்னிரண்டு வருடங்களில் வந்த படங்களில் பெரும்பாலானவை காதலும் பாட்டும் நகைச்சுவையுமாக இருந்திருக்கின்றன. 1943-இல், குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, ஊஃபா நிறுவனத்தின் வெள்ளிவிழாவுக்காக வண்ணத்தில் எடுத்த 'முன்ஷ்ஹவுசன்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர், யாருடைய புத்தகங்களை அந்த அரசு எரித்ததோ அதே எரிஹ் கெஸ்ட்னர், புனைபெயரில் எழுதியிருக்கிறார். கோயபல்ஸ் என்றால் மேடை முழக்கம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, சிரிக்கவைத்தும் ஆள முடியும் என்பதை அந்த மாலை காட்டிவிட்டது.

போருக்குப் பிந்தைய வாரம்தான் சித்திரைத் திருவிழாவில் அடிபட்டுப் போனது. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையை ஒட்டிய நாட்களில் தல்லாகுளத்தில் கால் வைக்க இடம் இருக்காது என்பது மதுரையில் குழந்தைக்கும் தெரியும். அட்டவணை போட்டவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. வகுப்பு ரத்தாகி, அடுத்த வாரம் இரண்டு வாரப் பாடத்தையும் ஒன்றாகத் திணித்தார்கள். பெர்லின் இடிபாடுகளுக்கு நடுவே 1946-இல் ஸ்டவ்டெ எடுத்த 'கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்' பாதியோடு நின்றது. ஐம்பதுகளில் மேற்கு ஜெர்மனியைக் கட்டிப்போட்டிருந்த ஹைமாட் படங்களுக்கு, அதாவது குண்டே விழாத மலையும் காடும் கிராமமுமாக எடுத்த சொந்த மண் படங்களுக்கு, பத்து நிமிடம்தான் கிடைத்தது. கிராமத்துப் படங்களை விட்டால் கதியில்லை என்று ஒரு காலம் முழுக்க இருந்த மதுரைக்காரர்களிடம் இந்த வகைக்கு ஒரு முழு மாலையைக் கொடுத்திருந்தால் விவாதம் விடிய விடிய நடந்திருக்கும்.

ஏழாம் வாரம் ஃபாஸ்பிண்டரின் 1974-ஆம் ஆண்டுப் படம். ஆசிரியர் படத்தின் பெயரைப் பலகையில் எழுதினார்: 'ஆங்ஸ்ட் எஸ்ஸன் ஸேலெ ஆவுஃப்'. முன்வரிசையிலிருந்த பெண்கள் உடனே முணுமுணுத்தார்கள். "சார், தப்பு சார். ஆங்ஸ்ட் ஒருமை. 'இஸ்ட்' வரணும்." ஆமாம், பெயரே இலக்கணப் பிழைதான், பயம் உயிரைத் தின்றுவிடும் என்று மொராக்கோவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவன் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொல்வது அது. தேர்வில் மதிப்பெண் குறைக்கும் அதே பிழை, திரைப்பட வரலாற்றில் ஒரு தலைப்பாக நிற்கிறது. இப்படி ஒரு நுழைவாயிலை வேறெந்த ஊர் சினிமா வகுப்பிலும் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேற்கு ஜெர்மனி ஆள் பற்றாக்குறையால் 1955-இல் இத்தாலியோடும், 1961-இல் துருக்கியோடும், 1963-இல் மொராக்கோவோடும் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தது. விருந்தாளித் தொழிலாளி என்று பெயரும் வைத்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஆள் எடுப்பதை நிறுத்தியது. அதற்கு மறு வருடம் வந்த படம் இது. மியூனிக்கில் துப்புரவு வேலை செய்யும் அறுபது வயது விதவை எம்மி, மழைக்கு ஒதுங்கிய மதுக்கடையில் அலியைச் சந்திக்கிறாள். அவன் அவளைவிட மிகவும் இளையவன். இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அவளுடைய பிள்ளைகளில் ஒருவன் தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்து உடைக்கிறான்; உடன் வேலை பார்க்கும் பெண்கள் படிக்கட்டில் அவளைத் தனியாக உட்காரவிட்டு நகர்ந்துகொள்கிறார்கள்.

விவாதம் வெடித்தது ஒரு சின்னக் காட்சியில். அலி மளிகைக் கடைக்கு மார்கரின் வாங்கப் போகிறான். அவன் கேட்பது என்னவென்று கடைக்காரருக்குத் தெரியும். அவன் பேசுவது புரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அதுவரை ஏழு வாரமும் வாய் திறக்காதவள், எழுந்து நின்று சொன்னாள்: "அவருக்கு நல்லாப் புரியுது சார். எங்க ஊர் டீக்கடையில தனி கிளாஸ் இருந்துச்சுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. கேட்டது காதுல விழாத மாதிரியே கடைக்காரரு நிப்பாராம்." மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆசிரியர் அவசரப்பட்டு எதையும் சேர்க்கவில்லை; தத்துவமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, "அந்தப் படிக்கட்டக் கடைசியில இன்னொரு தடவ காட்டுவாங்க, பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்திருந்தோம். எம்மியை ஒதுக்கிய அதே பெண்கள் பின்னால் அவளைச் சேர்த்துக்கொண்டு, யூகோஸ்லாவியாவிலிருந்து புதிதாக வந்த பெண்ணை அதே படிக்கட்டில் தனியே உட்காரவைக்கிறார்கள். எம்மியும் அவர்களோடுதான் இருக்கிறாள். வீட்டிலோ, குஸ்குஸ் சமைத்துத் தரச் சொல்லும் அலியிடம், ஜெர்மன் பழக்கத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்கிறாள். ஒதுக்கப்பட்டவள் நல்லவளாகவும் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை ஃபாஸ்பிண்டர் போடவில்லை. நம் படங்களில் இந்த நேர்மை அபூர்வம்.

கடைசிக் காட்சி மருத்துவமனை. குடல்புண்ணோடு படுத்திருக்கிறான் அலி. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான், மன அழுத்தம், குணமாக்கி அனுப்பினாலும் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்கள் என்று மருத்துவர் சொல்கிறார். சினிமா ரசிகர்களான நாங்கள் டக்ளஸ் சிர்க்கின் அமெரிக்க மெலோடிராமாக்களிலிருந்து ஃபாஸ்பிண்டர் எடுத்துக்கொண்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நர்சுகள் அந்த மருத்துவரின் குரலைப் பற்றிப் பேசினார்கள். அது கெட்ட குரல் இல்லை, நோயாளி பக்கத்திலேயே படுத்திருக்கும்போது வகை பிரித்துச் சொல்லிவிட்டுப் போகும் குரல், வார்டில் தினமும் கேட்பது என்றாள் ஒருத்தி. இனி அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் குரல்தான் முதலில் கேட்கும்.

கிழக்கு ஜெர்மனிக்கு ஒரு வாரம்தான். 1966-இல் சில நாட்கள் மட்டும் ஓடிப் பின் தடைசெய்யப்பட்டு, பெர்லின் சுவர் விழுந்த சமயத்தில் மறுபடி வெளிச்சத்துக்கு வந்த ஃப்ராங்க் பையரின் 'கற்களின் தடம்' படத்தைக் காட்டினார்கள். சப்டைட்டில் நான்கைந்து நொடி பின்தங்கி ஓடியதால் பாதி நகைச்சுவை வீணானது. நிறைவு வாரத்தில் 'குட் பை, லெனின்!' (2003), எல்லாருக்கும் பிடித்த படம். கோமாவில் கிடந்து எழுந்த தாய்க்கு அதிர்ச்சி கூடாது என்று, மறைந்துபோன நாட்டை ஒரு படுக்கையறைக்குள் மகன் மீண்டும் கட்டி எழுப்புகிறான். புதுச் சரக்கைப் பழைய ஸ்ப்ரீவால்ட் வெள்ளரி ஊறுகாய்ப் புட்டியில் அடைக்கிறான். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் கதவுகளைப் புது வீட்டில் மாட்டுகிறவர்களை நான் நினைத்துக்கொண்டேன்.

விடுபட்டவற்றில் இரண்டை மன்னிக்க முடியவில்லை. துருக்கிப் பெற்றோருக்கு ஹாம்பர்க்கில் பிறந்த இயக்குநர் ஃபதி அகின், 2004-இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியவர்; வந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லத் தொடங்கிய காலத்தின் முக்கியமான பெயர். அங்கே குடியேறப் போகும் பெண்கள் நிறைந்த வகுப்பில் அவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. மற்றொருவர் ஃப்ரான்ஸ் ஓஸ்டன். 1925-இல் ஹிமான்ஷு ராயோடு சேர்ந்து புத்தர் கதையை எடுத்த மியூனிக்காரர்; பின்னர் பாம்பே டாக்கீஸில் தீண்டாமையைப் பேசிய 'அச்சுத் கன்யா'வை 1936-இல் இயக்கியவர். ஹிட்லரின் ஆட்சி நடந்த காலத்தில் ஒரு ஜெர்மானியர் இங்கே இந்தப் படத்தை எடுத்திருக்கிறார் என்பதும், 1939-இல் போர் மூண்டதும் பிரிட்டிஷார் அவரையும் ஒளிப்பதிவாளர் யோசஃப் விர்ஷிங்கையும் பிடித்து அடைத்ததும், அந்த விர்ஷிங் காவலிலிருந்து விடுபட்ட பின் இங்கேயே இருந்து 'மஹல்' (1949) படத்தின் இருட்டை உருவாக்கியதும் ஒரு முழு வாரத்துக்கான பாடம். கலிகாரியின் நிழல் நம் திரைக்கு எப்படி வந்தது என்று ஹாலிவுட் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதே இல்லை.

வசதிகளைப் பொறுத்தவரை, அறையின் ஏசி நன்றாக இருக்கிறது; ஜன்னல் திரைதான் மெல்லியது, மாலை ஐந்தரை வரை மேற்கு வெயில் திரையின் வலது மூலையைத் தின்றுவிடுகிறது. ஊமைப்படங்களின் சாம்பல் நிறங்கள் அந்த மூலையில் காணாமல் போயின. சப்டைட்டில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். வேகமாகப் படிக்க முடியாதவர்களுக்காகத் தமிழில் இரண்டு பக்கக் கதைச் சுருக்கம் தந்தார்கள், அது உதவியது. ஜெராக்ஸ் நோட்டுகள் நன்றாகத் தயாரிக்கப்பட்டவை. படங்கள் மட்டும் கரும்புள்ளியாக விழுந்திருந்தன. இடைவேளையில் தரும் டீ சுமார்.

அடுத்த அணி தீபாவளி முடிந்து தொடங்குகிறது; கட்டணத்தை 5,000 ஆக்கியிருக்கிறார்கள். அகின், ஓஸ்டன் இருவரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் ஆசிரியர் இரண்டு பெயரையும் குறித்துக்கொண்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வாங்குவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். ஓஸ்டன் வாரம் உறுதியானால் நான் மறுபடியும் பணம் கட்டிச் சேர்வதாக இருக்கிறேன். போகிறவர்கள் இடதுபக்க நாற்காலியைப் பிடித்துக்கொள்வது நல்லது.